உபதேசியார் காலில் கிடந்த நீலத்துணி

"கட்டிப்போட அவரு என்ன ஆடா மாடா?"

மாசி மாதக் கூட்டத்தில், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அருள்ராணி காத்தாயியைப் பார்த்துக் கேட்டாள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களையும் நினைவு தப்பிய பெரியவர்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக, ஊராட்சி சமுதாயக் கூடத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. காத்தாயியின் வீட்டுக்காரர் ராக்கனுக்குப் பக்கவாதம் வந்துபோனதிலிருந்து புத்தி நிலையில்லை. திடீரென்று எழுந்து நடப்பார், எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது. ஆடு மேய்க்கப் போகும்போது காத்தாயி அவரைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறாள் என்று அருள்ராணி காதுக்கு வந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் அருள்ராணிக்குக் குரல் தானாக ஏறும்.

காத்தாயி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

கேள்வி ஊரில் நிலைத்துவிட்டது. அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டும் தாய்கூட, "நர்சம்மா கேட்டாப்ல கேக்கவா?" என்றாள். அருள்ராணி நர்ஸ் இல்லை. மகளிர் குழுவிலிருந்து பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்த தன்னார்வலர். அரசாங்கம் வீடு தேடி அனுப்பும் மருத்துவத்துக்கு அந்த ஆவூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் அவள்தான் கை, கால் எல்லாம். தோள்பையில் பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் ஊசி, மாத்திரைப் பட்டைகள். யார் வீட்டில் யார் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார் என்பது வரை தெரியும். ஊரார் நர்சம்மா என்றார்கள். அவள் திருத்தவில்லை.

காத்தாயியைக் கேட்ட அன்று அவள் பொய்யாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அருள்ராணி வீட்டில் அப்போது யாரையும் கட்டவில்லை. அந்த வேளை ஈஸ்டருக்குப் பிறகு வந்தது.

அவள் மாமனார் ஜோசப், அந்தக் கத்தோலிக்கப் பங்கின் பழைய உபதேசியார். சாமியார் வராத ஊர்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, யாருக்காவது சாகிற நேரம் என்றால் எந்தச் சாமம் ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து செபிப்பது எல்லாம் அவர் வேலை. வேதக்காரர் வீடா, கிறிஸ்தவர் அல்லாத மற்றவர் வீடா என்று பார்த்ததில்லை. கூப்பிட்டால் போவார். மாமியார் இறந்த பிறகு நினைவு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் பேரக் குழந்தைகளின் பெயர் போனது. பிறகு சாப்பிட்டது மறந்தது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அருள்ராணி யார் என்பதும் போனது. போகாமல் நின்றது ஒன்றுதான். கோயில் மணி.

மூவேளைச் செபத்துக்குக் கோயிலில் மணி அடிக்கும். காலையிலும் மாலையிலும் அருள்ராணி வீட்டில் இருப்பாள், பிடித்து உட்கார வைத்துவிடுவாள். நடுப்பகல் மணிக்கு அவள் யாராவது ஒரு வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மணி கேட்டதும் கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல்முறை அவரைக் கண்டுபிடித்தது கிரஷர் ரோட்டில். ஜல்லி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கிற ரோடு. வேட்டி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது. லாரி டிரைவர் ஒருவர் கைத்தாங்கலாகத் தெருவுக்குள் கூட்டிவந்தார். திருவிழாத் தேர் வந்தால் நிற்பதுபோல எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அன்று இரவு குவைத்திலிருந்து அவள் கணவன் ஜெரால்டு வீடியோவில் வந்தான்.

"உபதேசியார் மகன்னுதான் ராணி எனக்கு ஊர்ல பேரு. அவரு வேட்டி இல்லாம ரோட்ல நின்னாருன்னு இங்க கேம்ப்ல வரைக்கும் வந்துருச்சு. வெளிய விடாத."

"நான் வேலைக்குப் போவேனா, இவரப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பேனா?"

"கதவப் பூட்டிட்டுப் போ."

பூட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கிழவர் கதவைத் தட்டித் தட்டிக் கைமுட்டி தோல் உரிந்திருந்தது. அதற்கு மேல்தான் துணி.

மாதா சபைப் பெண்கள் தேர்த்திருவிழாவுக்கு ஒரே மாதிரி சேலை எடுப்பது வழக்கம். வான நீலம், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. போன வருஷச் சேலை நாலு சலவையில் பூப்போல இளகியிருந்தது. நைலான் கயிறு அறுக்கும், இது அறுக்காது. அகலமாகக் கிழித்து, ஒரு முனையைக் கட்டில் காலிலும் மறுமுனையை மாமனார் கணுக்காலிலும் கட்டினாள். கட்டும்போது தான் நல்ல துணியாகப் பார்த்துக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். காத்தாயி கட்டியது ஆட்டுக்கயிறு. அது வேறு, இது வேறு.

பஞ்சாயத்திலிருந்த எல்லாப் பெரியவர்களின் பெயரையும் திட்டத்தில் சேர்த்தவள் மாமனார் பெயரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் சுகுணா சிஸ்டர் வண்டியில் வந்து இறங்குவார். அவர் உண்மையான நர்ஸ், வலிநிவாரணப் பிரிவு, இலுப்பூர்க்காரர். வந்தால் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பார். வீங்கியிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று.

ஆவணி மாதக் கூட்டத்தன்று காலையில் கிழவரின் கணுக்கால் சிவந்திருந்தது. அருள்ராணி தேங்காய் எண்ணெய் தடவினாள். பாவமாக இருந்தது. கட்டில் பக்கத்து முடிச்சை அன்று கொஞ்சம் தளர்த்திப் போட்டாள்.

கூடம் அவள் தெருவிலேயேதான், வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில். அன்று நல்ல கூட்டம். காத்தாயியும் வந்திருந்தாள். ராக்கனையும் கையோடு கூட்டிவந்து சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அவர் ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று சுகுணா செய்து காட்டி முடித்திருந்தார். அடுத்து அருள்ராணியின் முறை. எழுந்து, பைவாரைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"ஞாபகம் இல்லாதவங்க எந்திரிச்சுப் போறாங்கன்னா சும்மா போகல. எங்கயோ போகணும்னு நெனச்சுத்தான் போறாங்க. எங்க போறாங்கன்னு நாமதான்..."

மணி அடித்தது. இப்போதெல்லாம் கயிறு இழுப்பதில்லை, ஒலிபெருக்கியில் பதிவு. பேச்சை நிறுத்திவிட்டு முடியட்டும் என்று நின்றாள். அடித்து முடிந்து சற்று நேரம் கழித்து வாசலில் வெளிச்சம் மறைந்தது.

உபதேசியார் நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஒழுங்காக இருந்தது. துண்டு தோளில் இருந்தது. கூடத்துக்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. செபத்துக்கு வந்த சனம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து, நடுவில் நின்று, நெற்றியில் சிலுவை வரைந்து மூவேளைச் செபத்தை ஆரம்பித்தார். பேரப்பிள்ளை பெயர் தெரியாதவருக்கு அதில் ஒரு வார்த்தை பிசகவில்லை.

வேதக்காரப் பெண்கள் எழுந்து நின்றார்கள், பழக்கம் அப்படி. மற்றவர்களும் எழுந்தார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் தலைமாட்டில் அவர் உட்கார்ந்து செபித்திருக்கிறார். செபத்தில் தலை குனியவேண்டும். எல்லாரும் குனிந்தார்கள்.

குனிந்த அத்தனை கண்ணுக்கும் எதிரில் அவர் கணுக்காலில் இருந்து தரையில் நீளமாகக் கிடந்தது, வான நீலத்தில், சரிகை ஓரத்தோடு, அந்தத் துணி.

செபம் முடிகிறவரை யாரும் தலையை நிமிர்த்தமுடியாது. அருள்ராணியும் நிமிரவில்லை. அவர் முதல் பாதியைச் சொல்ல, மறுபாதியை எல்லாரோடும் சேர்ந்து அவளும் சொன்னாள். வாய் சொன்னது. பின்னாலிருந்து அதே தெருக்காரி ரீட்டாவின் கிசுகிசு, செபத்தின் இடைவெளியில்: "நம்ம மாதா சபைச் சேலைடி அது."

'ஆமென்' ஆனதும் சுகுணாதான் முதலில் குனிந்தார்.

"ஐயா, கால்ல என்னங்கய்யா இது?"

அருள்ராணி முந்திக்கொண்டாள். "அது... அவரே கட்டிக்கிட்டாரு சிஸ்டர். ஏதாவது ஒரு துணிய எடுத்துச் சுத்திக்கிருவாரு. வெளையாட்டு."

உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் ஏதோ ஒரு சங்கடத்தில் நிற்கிறாள் என்பது மட்டும் அவருக்கு எட்டியிருக்கவேண்டும்.

"ஆமாம்மா" என்றார் சுகுணாவிடம். "நானேதான் கட்டிக்கிட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர்.

சுவரோரத்திலிருந்து காத்தாயி குரல் வந்தது. சத்தமாக இல்லை, நிதானமாக. "அப்ப எங்க வீட்டுக்காரரும் அன்னைக்கி அவரேதான் கட்டிக்கிட்டாரு போல. நாந்தேன் மறந்துட்டேன்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அருள்ராணி மாமனாரின் காலடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நடந்து வந்ததில் இறுகிப்போயிருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு வேறு. எத்தனையோ பேர் கையில் ஊசி போட்டுச் சுகர் பார்த்த விரல்களுக்கு அது அவிழவில்லை. துணி தடுக்கி அவர் விழுந்துவிடக்கூடாதே என்று தொங்கிய முனையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்."

அவர் முன்னே நடந்தார். அவள் பின்னே, துணியைப் பிடித்தபடி. தெருவில் பாதி தூரம் போனபிறகுதான் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்பது அவளுக்கு உறைத்தது. அப்போது துணியை விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

இரவு ஜெரால்டிடம் சொன்னாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரெல்லாம் பாத்தாங்க?"

அப்பா கால் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நீலத்துணியைப் பார்த்த கணத்தில் அவள் நினைத்ததும் அதையேதான்.

மறுநாள் ராக்கனுக்குப் பிரஷர் பார்க்கும் முறை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். பையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பக்கத்து வீட்டு மீனம்மாளை மாமனாருக்குத் துணைக்கு உட்காரச் சொன்னாள். இத்தனை மாதத்தில் யாரிடமும் அப்படி ஓர் உதவி கேட்டதில்லை. மீனம்மாள் "அதுக்கென்ன" என்று சுளகில் அரிசியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக அது நடந்ததுகூட அருள்ராணியைக் குத்தியது.

காத்தாயி வீட்டில் ஆட்டுக்கொட்டடி பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. புழுக்கை இல்லை, வாடை இல்லை.

"ஆடெல்லாம் எங்கக்கா?"

"வித்துட்டேன்."

"எப்ப?"

"நீங்க கேட்டீங்கள்ல, மாசியில. அதுக்கு அடுத்த சந்தையிலயே." காத்தாயி ராக்கனின் சட்டைக் கையைப் பிரஷர் பார்க்க வாகாகச் சுருட்டிவிட்டாள். "இவரக் கட்டக்கூடாதுன்னா ஆட்டுக்குப் பின்னாடி போக முடியாது. ஆட்டக் கட்டியே போட்டா அது திங்காது. நூறு நாள் வேலைக்கும் போறதில்ல. ரெண்டுல ஒண்ணத்தான அவுக்க முடியும்? இவர அவுத்தேன்."

கருவியின் காற்றுப்பையை அமுக்கிய அருள்ராணி எண்ணைப் பார்க்க மறந்தாள். மறுபடி அமுக்க வேண்டியிருந்தது. எல்லார் முன்னாலும் கேட்டவள், அதன் பிறகு இத்தனை மாதம் இந்த வீட்டுக்குள் வந்து போனவள், கொட்டடியை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 'கட்டுறதில்லையே?' என்று கேட்பாள். 'இல்ல' என்பாள் காத்தாயி. அத்தோடு அவள் வேலை முடிந்துவிடும்.

"அக்கா, நான் நேத்து சொன்னது பொய்யி. நாந்தேன் கட்டுனேன். ஈஸ்டர் முடிஞ்சதுல இருந்து."

"தெரியும்."

"ஒங்கள அப்பிடிக் கேட்டுருக்கக்கூடாது."

"கேட்டது சரிதான்" என்றாள் காத்தாயி. "கட்டுறது தப்புதான். அவரு அழுவாரு, எனக்குத் தெரியாதா? கேட்டுட்டு, அப்ப யாரு பாத்துக்குவான்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். சரி, விடுங்க. நடவு, களையெடுப்புக்கெல்லாம் மாத்தாள் போறோம்ல, ஒங்க வயல்ல இன்னைக்கி நான், என் வயல்ல நாளைக்கி நீங்கன்னு? அது மாதிரி வாங்க. காலையில ஒங்களுக்கு வீடு சுத்துற வேல இல்லாத நாள்ல இவரப் பாத்துக்கங்க, நான் நூறு நாள் வேலைக்குப் போறேன். மத்த நாள் மத்தியானம் நான் வந்து ஒங்க மாமனாரப் பாக்குறேன். தருமத்துக்கு இல்ல. மாத்தாளு."

அருள்ராணி ஒத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று காத்தாயியின் முகத்தில் தேடினாள். அங்கே வாய் மட்டும்தான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது.

வாசலுக்கு வந்து சுகுணாவுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், எங்க மாமனார் பேரச் சேக்கணும். கட்டுனது நாந்தேன்."

"தெரியுங்கக்கா" என்றார் சுகுணா. இந்தத் 'தெரியும்' அன்று இரண்டாவது. "நாளைக்கு வாரேன்."

வண்டி மறுநாள் தெருவில் வந்து அவள் வீட்டு வாசலில் நின்றது. எத்தனையோ வீட்டு வாசலில் அந்த வண்டிக்கு அவள் வழிகாட்டியிருக்கிறாள். சுகுணா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அருள்ராணி மற்ற வீடுகளில் கேட்கும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். தூக்கம் எப்படி, மலம் சிறுநீர் எப்படி, பாத்துக்கிறது யாரு.

"நான்."

கணுக்காலைச் சுற்றி வளையமாகக் கருத்திருந்தது. ஓரிடத்தில் தோல் வழன்றிருந்தது. சுகுணா சுத்தம் செய்து மருந்து வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மணி அடிச்சா எங்க போறாரு?"

"கோயிலுக்கு."

"அங்க போயி என்ன பண்ணுவாரு?"

கோயிலுக்குக் கிளம்பியவர் எப்படி கிரஷர் ரோட்டுக்குப் போனார் என்று அருள்ராணி ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கே போகிறார்கள் என்று நாம்தான் பார்க்கவேண்டும் என்று கூட்டத்தில் சொல்ல இருந்தவள் அவள்தான்.

"தெரியாது சிஸ்டர். போக விட்டதே இல்ல."

"இன்னைக்கி விடுங்க. கூடப் போங்க."

மணி அடித்தது. கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அருள்ராணி பின்னாலேயே நடந்தாள், கையில் ஒன்றும் இல்லாமல். தெருவில் ரீட்டா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள். பார்க்கட்டும் என்று நினைக்கப் பார்த்தாள் அருள்ராணி. முடியவில்லை. காது சுட்டது.

கோயில் கேட் பூட்டியிருந்தது. உண்டியல் திருட்டுப் போனதிலிருந்து பகலில் பூட்டிவைக்கிறார்கள். கிழவர் கம்பியைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினார். திறக்கவில்லை என்றதும் திரும்பி, வேறு கோயில் தேடுகிறவர்போலக் கிரஷர் ரோடு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு பூட்டு.

அருள்ராணி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டில் சாவி வைத்திருந்த மரிய அந்தோணியைக் கூப்பிட்டாள். அவர் சாப்பிட்ட கையோடு வந்து திறந்தார். "இதுக்காகவா நர்சம்மா? சொல்லியிருந்தா நெதம் தெறந்துவிட்ருப்பேனே."

"நான் நர்சு இல்லண்ணே" என்றாள்.

உபதேசியார் மணிக்கூண்டின் அடியில் போய் நின்றார். கயிறு தொங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார், இல்லை. கைகூப்பிச் செபத்தைச் சொன்னார். மறுபாதியை அருள்ராணி ஒருத்தியே சொன்னாள். முடிந்ததும் சிலுவை வரைந்துகொண்டு, சாந்தமாக வீட்டுப் பக்கம் திரும்பினார். இழுக்க வேண்டியிருக்கவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

கேட்டைத் தாண்டும்போது பக்கத்தில் வருகிற பெண்ணை அப்போதுதான் கவனித்தவர்போல நின்றார். அழுதுகொண்டு வருகிறாள் என்று தெரிந்திருக்கவேண்டும். எத்தனையோ வருஷம் எத்தனையோ வாசலில் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல பெரியவங்க யாரும் சொகமில்லாம இருக்காங்களாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"யாரு பாத்துக்கிறது?"

"நாந்தேன்."

"தனியா கெடந்து செரமப்படாத. ஒரு வார்த்த சொல்லி விடு. எந்நேரமானாலும் நான் வாரேன்."

"சரிங்க" என்றாள் அருள்ராணி. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சுகுணா சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் அதற்குள் புழுதி படிந்திருந்தது.